மிட்ஜெட்டா, ஸ்பிட்ஃபயரா?

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் நான் கராஜ் நடத்திய காலம் முழுக்க வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான். எம்.ஜி. மிட்ஜெட் வாங்கலாமா, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வாங்கலாமா? இரண்டும் இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார்கள். சம்பளம் வாங்கத் தொடங்கிய இளைஞர்களுக்காக, ஏறக்குறைய ஒரே விலையில் விற்கப்பட்டவை. மிட்ஜெட் 1961-இல் வந்து 1979 டிசம்பரில் நின்றது. ஸ்பிட்ஃபயர் 1962 அக்டோபரில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி 1980 ஆகஸ்டு வரை வந்தது. வேகத்தையும் அழகையும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டவர்கள் ஏராளம். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவனுக்கு ஒப்பீடு வேறு இடத்தில் தொடங்குகிறது. எந்த போல்ட் கைக்கு எட்டும், எந்தத் தகடு துருவைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் என்பதே எனக்குக் கணக்கு.

இந்தக் கணக்கை நான் சென்னையில் கற்றேன், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியில். பெருங்களத்தூர் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் வந்துகொண்டிருந்த அந்தக் கார்தான் ஸ்பிட்ஃபயருக்கு மூத்தது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தபோது இது எனக்குத் தெரியாது. அம்பாசடரில் வேலை செய்பவர்கள் மட்கார்டு மேல் கவிழ்ந்து கிடப்பார்கள். ஹெரால்டு வந்தால் இரண்டு கொக்கியை விடுவித்து, பானெட்டையும் மட்கார்டையும் விளக்கையும் சேர்த்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்த்துவிடுவோம். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் கை வைக்கலாம். ஸ்டியரிங், சஸ்பென்ஷன், கிளட்ச் சிலிண்டர் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். வேலை பழகும் பையனுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

1971-இல் அண்ணன் இருந்த கவென்ட்ரிக்குப் போய், ஒரு சின்ன கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே முதன்முதலாக ஒரு ஸ்பிட்ஃபயரின் பானெட்டைச் சாய்த்துப் பார்த்தபோது தடுமாற்றமே இல்லை. அதே முன் சஸ்பென்ஷன், அதே ஸ்டியரிங் ரேக், கொஞ்சம் பெரிதாக்கிய அதே எஞ்சின். சேசிஸ் மட்டும் குட்டையாக்கப்பட்டிருந்தது. ஓட்டியபோதும் பழகிய சங்கதிதான். முன்சக்கரங்கள் நம்ப முடியாத அளவுக்குத் திரும்பும். 24 அடி வட்டத்துக்குள், அதாவது ஏழேகால் மீட்டருக்குள், வண்டியைத் திருப்பிவிடலாம். லண்டன் டாக்சியோடு போட்டி போடும் திருப்பம் அது.

1950-களின் இறுதியில் மற்றவர்கள் எல்லாம் சேசிஸ் இல்லாத ஒற்றைக்கூடு பாடிக்கு மாறிக்கொண்டிருந்தபோது, டிரையம்ஃப் மட்டும் ஏன் தனி சேசிஸ் வைத்த கார் செய்தது? இதற்கான பதில் எனக்குக் கிடைக்கப் பல வருஷம் ஆனது. அது தெரிந்த பிறகே இரண்டு கார்களும் எனக்கு முழுசாகப் புரிந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்குப் பாடித் தகடுகளை அழுத்திக் கொடுத்துவந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953-இல் அதை பி.எம்.சி. வாங்கிவிட்டது. பி.எம்.சி. என்றால் ஆஸ்டினும் மாரிஸும் எம்.ஜி.யும் சேர்ந்த கூட்டு. அதாவது, போட்டியாளன் கைக்குத் தகடு போய்விட்டது. முழுப் பாடியை ஒரே இடத்தில் அழுத்தி வாங்க டிரையம்ஃபுக்கு வழியில்லை. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் எடுத்த முடிவு, சேசிஸ் ஒன்றைச் செய்துகொண்டு, பாடியைப் பல துண்டுகளாகப் பல இடங்களில் வாங்கி, போல்ட் போட்டு இணைப்பது. இத்தாலியின் மிக்கலாட்டி அதற்கு உருவம் வரைந்தார். அதுதான் 1959-இன் ஹெரால்டு. அந்த சேசிஸை வெட்டிக் குறுக்கி, அதே மிக்கலாட்டியைக் கொண்டு மேலே ஒரு ஸ்போர்ட்ஸ் பாடி வரையவைத்து ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். பணமுடையில் அதன் முன்மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் துணி மூடிக் கிடந்ததும், கம்பெனியை வாங்கிய லேலண்டு ஆட்கள் வந்து பார்த்து உயிர் கொடுத்ததும் கவென்ட்ரியில் எல்லாரும் சொல்லும் கதை.

மிட்ஜெட் வந்த வழி வேறு. டொனால்டு ஹீலி 1958-இல் கொண்டுவந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், சேசிஸ் இல்லாத ஒற்றைக்கூடு. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து அபிங்டனில், எம்.ஜி. தொழிற்சாலையிலேயே அதைச் செய்தார்கள். மூன்று வருஷம் கழித்து அதன் முகத்தையும் டிக்கியையும் மாற்றி எம்.ஜி. பெயரில் விட்டதுதான் மிட்ஜெட். எஞ்சின் பி.எம்.சி.யின் ஏ சீரிஸ், முதலில் 948 சி.சி., பிறகு 1098, 1966 முதல் 1275. ஸ்டியரிங் ரேக் மாரிஸ் மைனரிலிருந்து வந்தது. முழுப் பாடியை அழுத்தி வாங்க இவர்களுக்கு வழி இருந்ததால், இறுக்கமான சின்னக் கூடு ஒன்றைச் செய்ய முடிந்தது. ஃபிஷர் அண்ட் லட்லோ கைமாறியதன் விளைவை நான் நாற்பது வருஷம் ஸ்பேனர் முனையில் பார்த்தேன்.

கிளட்ச் மாற்றும் வேலையைச் சொன்னால் விளங்கும். மிட்ஜெட்டில் கிளட்ச் தேய்ந்தால் எஞ்சினை வெளியே எடுத்தே ஆக வேண்டும்; நாங்கள் கியர்பாக்ஸோடு சேர்த்தே எடுப்போம். பானெட்டைக் கழற்ற வேண்டும், தண்ணீரை வடிக்க வேண்டும், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், கார்புரேட்டர்கள், கியர் லீவர் எல்லாம் போக வேண்டும். பிறகு செயின் போட்டுத் தூக்கி, மூக்கை வானத்துக்குக் காட்டி, கியர்பாக்ஸின் வால் ஸ்டியரிங் ரேக்கில் இடிக்காமல் வெளியே எடுக்க வேண்டும். ஒரு ஆள் தூக்க, ஒரு ஆள் வாலைப் பிடிக்க என்று குறைந்தது இரண்டு பேர். ஸ்பிட்ஃபயரில் எஞ்சினைத் தொடவே வேண்டாம். சீட்டுகளை எடுத்து, நடுவில் இருக்கும் அட்டை மூடியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் முழுசாக வண்டிக்குள்ளேயே தெரியும். போல்ட்களை விட்டுப் பின்னால் இழுத்து, கதவு வழியாக இறக்கிவிடலாம். காலையில் வந்த வண்டி மாலையில் போய்விடும். கிளட்ச் வேலைக்கு இரண்டு காருக்கும் நான் சொன்ன கூலி ஒன்றாக இருந்ததே இல்லை. மிட்ஜெட்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களைக் கூட்டிவந்து இரண்டு வண்டியையும் காட்டிவிடுவேன்.

இதற்காக ஸ்பிட்ஃபயரைச் சுலபமான வண்டி என்று சொல்லிவிட முடியாது. அதன் முன்சக்கரத்தின் அடியில் டிரனியன் என்று வெண்கலத்தில் ஒரு பாகம் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் மரை அதற்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை வெண்கலத்துக்குள் சுற்ற வேண்டும். அதற்குக் கிரீஸ் போடக் கூடாது, கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும், இ.பி. 90. கிரீஸ் மரையின் கீழ்ப்பகுதிக்கு இறங்காது. தண்ணீர் உள்ளே தங்கி, தண்டு வெளியே தெரியாமல் துருப்பிடித்து, ஒருநாள் ஒடிந்துவிடும். சென்னையில் என் மேஸ்திரி இதை எனக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். டிரனியனில் இருக்கும் சின்ன பிளக்கைக் கழற்றி, அங்கே ஒரு நிப்பிளை முறுக்கி, ஆயில் நிரப்பிய கன்னால் அழுத்த வேண்டும். மேலே ரப்பர் வளையத்தை ஒட்டிப் பழைய கறுப்பு எண்ணெய் கசியும். அது தெளிந்து புது எண்ணெய் எட்டிப்பார்க்கும் வரை விடக் கூடாது. பக்கத்துக்கு ஐந்து நிமிஷ வேலை.

இங்கிலாந்தில் பல கராஜ்களில் கிரீஸ் கன்தான் கைவசம். ஒரு பள்ளி ஆசிரியையின் ஸ்பிட்ஃபயர் எங்களிடம் லாரியில் வந்து இறங்கியது. கடைக்கு முன்னால் நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பியிருக்கிறார். முன்சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் படுத்துவிட்டது. எங்கோ ஒரு கராஜில் ஒழுங்காக சர்வீஸ் செய்த சீட்டு அவரிடம் இருந்தது. தண்டைக் கழற்றிப் பார்த்தால் மேல் மரையில் பளபளவென்று கிரீஸ், கீழ் மரையில் வெறும் செந்தூள். நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு கூசியது. அன்றிலிருந்து எங்கள் கராஜுக்கு எந்தக் காரணத்துக்காக வந்த ஸ்பிட்ஃபயரும் டிரனியனில் ஆயில் ஏற்றாமல் வெளியே போனதில்லை. அதற்குத் தனிக் காசும் வாங்கியதில்லை.

மிட்ஜெட் கேட்பது கிரீஸ். அதன் முன்சக்கரத்தின் கீழே குறுக்காக ஒரு மரைப் பின் ஓடும். அதற்கு மாதாமாதம் கிரீஸ் அடிக்காவிட்டால் துவாரத்தையே தின்றுவிடும். மேலே தனி ஆர்ம் கிடையாது. எண்ணெய் நிரப்பிய பழைய காலத்து லீவர் டாம்ப்பரின் கையே மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது. டாம்ப்பர் தேய்ந்தால் வண்டி குதிப்பதோடு நிற்காது, சக்கரத்தின் சாய்வும் மாறிவிடும். இது தெரியாமல் டயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

துரு விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். கார்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. மிட்ஜெட்டுக்குக் கூடுதான் எல்லாம். கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது. அது உள்ளிருந்து அரிக்கும். பின் கமான்பட்டை வந்து மாட்டும் இடம் சீட்டுக்குப் பின்னால் தரைத் தகட்டில் இருக்கிறது. அந்த இடம் இற்றுப்போனால் பட்டை தரையைக் கிழித்து மேலே ஏறும். மேலே பெயிண்ட் மின்னும், அடியில் ஒன்றும் இருக்காது.

ஸ்பிட்ஃபயருக்கு சேசிஸ் இருக்கிறதே, சில் போனால் என்ன என்று பலரும் நினைப்பார்கள். நானும் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். ஹெரால்டு சேசிஸில் பக்கவாட்டிலும் சட்டம் உண்டு. ஸ்பிட்ஃபயரில் எடைக்காக அதை நீக்கிவிட்டு நடு முதுகெலும்பை மட்டும் விட்டார்கள். ஆகவே இங்கேயும் சில் பாரம் சுமக்கிறது. வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பரிசோதனை இரண்டுக்கும் பொதுவானது: கதவைச் சாத்தி, கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் சில் வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புச் சட்டம் வெல்டு செய்து நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் வெட்டியவர்களின் வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. புது சில் அழகாக இருக்கும், கதவு சாத்தாது.

ஓட்டும் சுகத்தில் மிட்ஜெட்டின் பக்கம்தான் என் ஓட்டு, குறைந்தபட்சம் 1970 வரை. ஸ்டியரிங்கை ஒரு விரல் அசைத்தால் வண்டி அசையும். பின்னால் சாதாரண திட ஆக்சில், கமான்பட்டை. என்ன செய்யப் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் ஹெரால்டிலிருந்து வந்தது. டிஃபரன்ஷியல் சேசிஸில் நிற்க, இரண்டு பக்கமும் அரை ஆக்சில்கள் ஊசலாடும், மேலே குறுக்காக ஒரே ஒரு கமான்பட்டை. வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் மேலே எழும்பும். வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கி, டயர் விளிம்பில் நிற்கும். அடுத்த நொடி வண்டி பின்னுக்குத் திரும்பியிருக்கும். அனுபவம் உள்ளவர்கள் காலை எடுக்காமல் நிதானமாக ஓட்டி முடிப்பார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் இருபது வயதுப் பிள்ளைகள்.

1970-இல் வந்த மார்க் 4-இல் இதைத் திருத்தினார்கள். கமான்பட்டையில் ஒரு தகட்டை மட்டும் இறுக்கிவிட்டு, மீதியை நடுவில் ஊசலாட விட்டார்கள். முன்பக்கம் ஆன்ட்டி-ரோல் பாரைத் தடிமனாக்கினார்கள். செலவு அதிகமில்லை, குணமே மாறிவிட்டது. அதற்கு முன் வந்த வண்டியையும் பின் வந்த வண்டியையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தால், முதல் எட்டு வருஷம் ஏன் காத்திருந்தார்கள் என்ற கோபம் எனக்கு இன்றும் வரும். சென்னையில் ஹெரால்டின் வாரிசாக 1972-இல் வந்த கேஸல் காரில் அந்த ஊசல் ஆக்சிலையே தூக்கிவிட்டு திட ஆக்சில் போட்டுவிட்டார்கள்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் கராஜுக்கு வந்தார். "அண்ணை, எது நல்லம் எண்டு நேரா சொல்லுங்கோ" என்றார். வெளியே சர்வீஸ் முடிந்த இரண்டும் நின்றன. முதலில் ஸ்பிட்ஃபயரைக் கிளப்பினேன், தலையாட்டினார். 1098 சி.சி. மிட்ஜெட்டைக் கிளப்பியதும் அப்படியே நின்றுவிட்டார். "இது அப்பாவின்ர மைனர் சத்தமல்லோ!" உண்மைதான். மாரிஸ் மைனரிலும் அதே ஏ சீரிஸ், 948-உம் 1098-உம். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் அவர் கேட்டு வளர்ந்த சத்தம் அபிங்டன் காருக்குள் இருந்தது. கிளட்ச் கூலி, சில் துரு எல்லாம் எடுத்துச் சொன்னேன். "பரவாயில்லை, அண்ணை" என்றார். ஒரு மிட்ஜெட்டைத் தேடிப் பிடித்து, அடித்தகடுகளைப் புதுசாக்கிக் கொடுத்தேன். அவர் மகள் இப்போது அதை ஓட்டுகிறாள்.

1968-இல் எம்.ஜி.யும் டிரையம்ஃபும் பிரிட்டிஷ் லேலண்டு என்ற ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. 1974-இன் பிற்பகுதியில், அமெரிக்கப் புகைச் சட்டங்களுக்கு ஈடுகொடுக்க, மிட்ஜெட்டுக்குள் ஸ்பிட்ஃபயரின் 1493 சி.சி. எஞ்சினையே வைத்தார்கள். பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, வண்டியின் உயரம் கூட்டப்பட்டது. எம்.ஜி. பிரியர்கள் பொருமினார்கள். உயரத்தைப் பொறுத்தவரை அவர்கள் பக்கம் நியாயம் உண்டு, வளைவில் பழைய மிட்ஜெட்டின் திடம் இல்லை. எஞ்சினைப் பொறுத்தவரை ஏற்க மாட்டேன். கீழ் வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும், நாலு கியரிலும் சிங்க்ரோ கிடைத்தது. ஆனால் அதன் பிஸ்டன் ஓட்டம் நீளம், 87.5 மில்லிமீட்டர். கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பியரிங். ஏ சீரிஸ் மாதிரி விரட்டினால் பிக் எண்ட் பியரிங் போய்விடும். விரட்டிப் பழகிய எம்.ஜி.காரர்கள் வாங்கி, விரட்டி, எங்களுக்கு வேலை கொடுத்தார்கள்.

1980-இல் இரண்டு ஊரிலும் கதவு சாத்தினார்கள். ஆகஸ்டில் கவென்ட்ரியின் கான்லி தொழிற்சாலையில் ஸ்பிட்ஃபயர் நின்றது, அக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலையே மூடியது. கான்லியில் வேலை இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அதற்குப் பிந்தைய வருஷங்களில் இந்தக் கார்களுக்கு மதிப்பே இல்லை. நல்ல எஞ்சினுள்ள வண்டியையும் தகடு போனது என்று உடைத்தார்கள். 1989-இல் மஸ்டா எம்.எக்ஸ்-5 வந்த பிறகுதான் ஜனங்களுக்குத் திறந்த சின்னக் கார் மேல் மறுபடி ஆசை வந்தது. ஜப்பான்காரன் ஒழுகாமல், துருப்பிடிக்காமல் செய்து காட்டினான், அதைப் பார்த்துப் பழசைத் தேடி வந்தார்கள். மிட்ஜெட்டின் பழைய அச்சுகளைக் கொண்டு பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் முழுக் கூட்டையே புதிதாக அடித்துத் தரத் தொடங்கியது. கூட்டை நம்பிப் பிறந்த காருக்கு அது மறுபிறப்பு. ஈயப் பெட்ரோல் நின்றபோது சிலிண்டர் ஹெட்களில் கடின வால்வு சீட் அடிக்கும் வேலை குவிந்தது. 2021 செப்டம்பரில் எத்தனால் பத்து சதவீதம் கலந்த பெட்ரோல் பம்புகளுக்கு வந்ததும் கார்புரேட்டர் ரப்பர்களும் குழாய்களும் மாறின.

ஒரு மாற்றம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 2018 மே முதல் நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்திர எம்.ஓ.டி. பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை. இன்று எல்லா மிட்ஜெட்டும் எல்லா ஸ்பிட்ஃபயரும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. சில் பெட்டியைத் தட்டிப் பார்க்கவும் டிரனியனை அசைத்துப் பார்க்கவும் சட்டம் இப்போது யாரையும் அனுப்புவதில்லை. உரிமையாளர்களை நான் வருஷம் தவறாமல் சோதனைக்கு அனுப்புகிறேன்.

என்னிடம் இருப்பது ஓவர்டிரைவ் வைத்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4. வயதாகிவிட்ட முதுகுக்குச் சாய்கிற பானெட்டும், கதவு வழியாக வெளியே வரும் கியர்பாக்ஸும் போதும். குறுகலான மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றால் 1275 மிட்ஜெட்டைச் சொல்வேன். எந்தப் பக்கம் சாய்ந்தாலும், டிரையம்ஃப் எஞ்சின் உள்ள வண்டி என்றால் பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரை உட்காரவைத்து கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்பக்கத்து கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், உள்ளே திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன, விழவும் தயாராக இருக்கின்றன. விழுந்தால் பிளாக்கே பாழ். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், லாரியில் ஏற்றி வாருங்கள்.